பங்குனியில் விதைத்த பயறு

மேற்கு ஜேர்மனி
12.02.1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தில்லைநாதன் எழுதுகிறேன். இருமல் விட்டுவிட்டது, சாப்பாடும் இறங்குகிறது. என்னைப்பற்றி யோசிக்க வேண்டாம். உங்கள் முழங்கால் வலி எப்படி? சிவலை கன்று போட்டுவிட்டதா?

இங்கே யன்னலைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. அகதிகள் விடுதிக்குப் பின்னால் ஒரு கமக்காரனுடைய வீடு இருக்கிறது. அவனுடைய மாடுகள் குளிர் தொடங்கிய நாளிலிருந்து கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. மண் கல்லைப்போல இறுகிக் கிடக்கிறது. சித்திரைக்குப் பிறகுதான் கலப்பை இறங்குமாம்.

அக்கா, ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கோபிக்காமல் வாசியுங்கள். கிழக்கு வயலை ஆழ்வாப்பிள்ளையருக்குக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறேன். நான் ஊரை விட்டு வெளிக்கிட முதலே அவர் கேட்டவர். ஊரிலேயே பெரிய ஆடுமாட்டுப் பட்டி வைத்திருக்கிற மனிதர், வயலைப் பழுதாக்க மாட்டார். ஐயாவுக்குப் பிறகு நான் பார்த்தேன். நான் இங்கே வந்தபிறகு நீங்கள் தனிய நின்று மாரடிக்கிறீர்கள். போன மாரியில் மழை பிந்தி, நெல்லில் பாதி பதர் என்று நீங்களே எழுதினீர்கள். உழுகிற ஏரம்பு அண்ணைக்கும் வயது போய்விட்டது. கடலில் நேவி நிற்கிற காலத்தில் ஒரு பொம்பிளை தனியாக அங்கே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொக்குவிலில் சின்னம்மா வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. சித்திரை பிறந்தவுடன் அங்கே போய்விடுங்கள். சிவலையை விற்றுவிடலாம். எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான்.

குளிருக்குக் கை விறைக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள் தம்பி,
தில்லை


அனலைதீவு
03.03.1986

அன்புத் தம்பி தில்லைக்கு,

உன் இருமல் போனது சந்தோஷம். என் முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் என்னோடு ஒவ்வொரு நாளும் வயலுக்கு வந்து போகின்றன. சிவலை நாம்பன் கன்று போட்டிருக்கிறது. உன் கடிதத்தை அதன் பக்கத்தில் நின்றுதான் வாசித்தேன். வாசித்து முடிய, "பொடிக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று அதற்குச் சொன்னேன். அது மறுத்துப் பேசவில்லை.

விளையாட்டை விடுவோம். சின்னம்மா வீட்டில் நான் என்ன செய்ய? அவவின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு, அவவின் மருமகளுக்கு இடைஞ்சலாக நிற்கவா? எனக்கு முப்பத்தெட்டு வயது. அம்மா இந்த வீட்டையும் வளவையும் எனக்குச் சீதனமென்று எழுதினா. வீடு நிற்கிறது, மாப்பிள்ளைதான் வந்து சேரவில்லை. வயல் உன் பேரில். நீ ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது, அதைத் தடுக்க எனக்கு ஏலாது என்று தெரியும். ஆனால் அந்த வயலில் இறங்காமல் எனக்குப் பொழுது விடிகிறதில்லை, தில்லை. அதை எடுத்துவிட்டால் நான் ஆர்? ஒருத்தரின் அக்கா, இன்னொருத்தரின் பெறாமகள், அவ்வளவுதான்.

ஆனி முடியுமட்டும் தவணை தா. அதற்குள் அந்த வயலிலிருந்து ஒரு விளைச்சலை வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டுகிறேன். காட்டாவிட்டால் நானே ஆழ்வாப்பிள்ளையரின் படலையில் போய் நின்று, "இந்தாங்கோ, பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வள்ளம் ஏறுகிறேன்.

மாசிப் பனி கழிந்து வெயில் ஏறிவிட்டது. புல் கருகி, ஊர் மாடுகள் விலா எலும்பு தெரியத் திரிகின்றன. பாதிக் கிணறுகள் உவர்த்துவிட்டன. எங்கள் வயல் கிணறு மட்டும் இன்னும் நல்ல தண்ணி. பின்னேரங்களில் தெற்கே கறுத்துக் கறுத்துக் கலைகிறது. பங்குனியில் ஒரு மழை இருக்கிறது. நான் சொல்கிறேன், இருக்கிறது.

வயிற்றைக் காயப் போடாதே. தலைக்குச் சீலை கட்டிக்கொண்டு வெளியே போ.

அக்கா,
சத்தியபாமா


மேற்கு ஜேர்மனி
21.03.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நாம்பன் கன்றுக்கும் தாய்க்கும் உங்களுக்கும் சுகம் என்று அறிந்து ஆறுதல். நானும் பழுதில்லை.

உங்களோடு கதைத்து வெல்ல ஐயாவுக்கே ஏலாமல் போனது, நான் எம்மட்டு? சரி, ஆனி முடியுமட்டும் தவணை தருகிறேன். ஆனியில் ஒரு விளைச்சல் வீட்டுக்குள் வந்தால் குத்தகைக் கதையை எடுக்க மாட்டேன். வராவிட்டால் நீங்கள் சொன்னபடி கொக்குவில். ஆழ்வாப்பிள்ளையருக்கும் இதை அப்படியே எழுதியிருக்கிறேன், பிறகு அவர் என்னைக் குறை சொல்லக்கூடாது.

ஆனால் இரண்டு விஷயம், கட்டாயம் கேளுங்கள். மழை பெய்தாலும் சித்திரை வருஷப்பிறப்புக்கு நல்லநேரம் பார்த்து நாளேர் பூட்ட முதல் கலப்பையை இறக்க வேண்டாம். ஐயா ஒரு வருஷமும் அப்படிச் செய்ததில்லை. மற்றது, பங்குனியில் எதையும் விதைக்க வேண்டாம். நெல் வெட்டியதும் ஊர் மாடெல்லாம் அவிழ்த்துவிட்ட காலம் இது. ஆவணியில் ஊர் விதானையார் ஆள்விட்டு, "மாட்டைக் கட்டுங்கோ" என்று சொல்லுமட்டும் எந்த மாடும் எந்த வயலிலும் வாய்வைக்கலாம், விதைத்தவன் வாய் திறக்க ஏலாது. உங்களுக்குத் தெரியாததில்லை, உங்கள் அவசரம் எனக்குத் தெரியுமென்றபடியால் எழுதுகிறேன்.

இங்கே பனி உருகத் தொடங்கி, றோட்டெல்லாம் சேறு. விடுதியில் சும்மா இருந்து இருந்து எனக்கு மூளை துருப்பிடித்துவிட்டது. நீங்கள் என்ன விதைக்கலாம் என்று யோசிப்பதுதான் இப்போது எனக்கு வேலை.

கவனமாக இருங்கள்.

தம்பி,
தில்லை


அனலைதீவு
28.03.1986

தம்பி தில்லைக்கு,

சுகமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் ஆறுதலாகக் கேட்க நேரமில்லை. சுகமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் மறுமொழி இன்னும் வரவில்லை. வந்தால் 'ஓம்' என்றுதான் இருக்கும்.

மழை பெய்தது! முதல் பங்குனித் திங்கள், அம்மன் கோயிலில் பொங்கிக்கொண்டு நிற்கிறோம், பானை பொங்கி வழியுமுன் வானம் வழிந்துவிட்டது. சனமெல்லாம் பானையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓட, நான் பானையை அப்படியே விட்டுவிட்டு வயலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக் கமலாதேவி, "உந்த மனிசிக்கு என்ன?" என்று பின்னால் கத்தினது கேட்டது. வரம்பெல்லாம் தண்ணி, தில்லை. முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

மற்றநாள் ஏரம்பு அண்ணையிடம் போனேன்.

"பிள்ளை, நாளேர் இன்னும் பூட்டேல்லை. சித்திரைக்கு முன்னம் கலப்பை இறக்கலாமோ?" என்றார்.

"அண்ணை, சித்திரை வருமட்டும் உந்த ஈரம் நிக்குமோ?"

வந்து குந்தியிருந்து மண்ணைக் கிண்டி, உருட்டி, பிசைந்து பார்த்தார். "நிக்காது."

"அப்ப பூட்டுங்கோ."

உழுது, பயறு விதைத்தாயிற்று. மாடுகள் திரிகிற காலம்தான், எனக்குத் தெரியும். அதற்குச் சுற்றிவர இலந்தை முள்ளு வெட்டிப் போட்டிருக்கிறேன். கையெல்லாம் கீறல்.

சிவலைதான் ஒருநாள் பயப்படுத்திவிட்டது. காய்ந்து கிடந்த வயிறு, மழைக்கு முளைத்த இளம் புல்லைக் கண்டவுடன் பறந்து பறந்து தின்று வயிறு பொருமி, விழுந்துவிட்டது. இஞ்சியும் பெருங்காயமும் கரைத்து மூங்கில் குழாயால் பருக்கி, வயிற்றை உரஞ்சி உரஞ்சி எழுப்பினேன். ஊரில் மூன்று நான்கு மாடு இப்படிப் போய்விட்டது. எங்கள் சிவலை எழும்பி நின்று, என் சீலையைச் சப்பத் தொடங்கியது.

பயறு முளைக்கும். பார்த்துக்கொண்டிரு.

அக்கா


அனலைதீவு
13.04.1986

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க அம்மன் துணை.

உன் பங்குனிக் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. போட் விடாதபடியால் ஊர்காவற்றுறையில் ஒரு கிழமை கிடந்ததாம். நாளேர் பற்றியும் மாடுகள் பற்றியும் எழுதியிருந்தாய். வாசித்தேன்.

பயறு நன்றாக முளைத்தது. ஒரு விதைகூடப் பழுதில்லை.

இப்போது வயலில் பட்டி கட்டியிருக்கிறேன். மண்ணுக்கு எரு நல்லதுதானே. நாளைக்கு வருஷப்பிறப்பு. உன் பேருக்கும் மருத்துநீர் வைத்துப் பொங்குவேன். அங்கே குளிர் குறைந்ததா? சப்பாத்துக்குள் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்.

அக்கா


அனலைதீவு
27.04.1986

சேமமாயிருக்க வேண்டிய தம்பி தில்லைநாதனுக்கு,

ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நான், வீட்டுக்காரி, பட்டி, எல்லோரும் நலம். நீர் கண்காணாத தேசத்தில் தேகசுகத்தோடு இருப்பீர் என நம்புகிறேன்.

ஒரு விஷயத்தை நான் மறைத்தால் நாளைக்கு நீர் என்னைப் பிழை சொல்லலாம். ஆகையால் எழுதுகிறேன். பங்குனிக் கடைசியில் என் பட்டி உமது கிழக்கு வயலுக்குள் இறங்கிவிட்டது. உமது அக்கா முள்ளு போட்டுத்தான் இருந்தா. ஆடு வழி எடுத்துக் கொடுக்க, மாடுகள் பின்னால் போய்விட்டன. விடிய நான் போய்ப் பார்க்க, பயறு நின்ற இடத்தில் குளம்படிதான் நின்றது. ஒரு தளிர்கூட மிஞ்சவில்லை.

நான் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன் தம்பி. அவ வாய் திறக்க முதலே, "திறந்த காலம் பிள்ளை, வேலியில்லாமல் விதைச்சது உம்மடை பிழை" என்றேன்.

"ஓம், என்ரை பிழைதான்" என்றா. "உங்கடை மாடுகள் நல்லா விடாய்ச்சு நிக்குது. முதல்ல தண்ணி குடிக்கட்டும்."

என் கிணறு மாசியிலேயே உவர்த்துவிட்டது. அந்தத் தண்ணிக்கு மாடுகள் வாய்வைப்பதில்லை, பாலும் பாதியாகிவிட்டது. உமது அக்கா துலாவில் அள்ளி அள்ளித் தொட்டியை நிறைத்தா, என் மாடுகள் தலை நிமிர்த்தாமல் குடித்தன. "நாளைக்கும் கொண்டு வரலாமோ?" என்று கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"தண்ணிக்கு இல்லையெண்டு சொல்லுறதோ? ஒவ்வொரு நாளும் கொண்டு வாங்கோ. ஒண்டு மட்டும். பின்னேரம் இஞ்சை குடிக்கிற மாடு இராவைக்கு இஞ்சையே படுக்கட்டும். விடியக் கொண்டு போங்கோ."

என் பட்டியைத் தங்கள் வயலில் கட்டுவிக்க ஊர் முழுக்க என் படலைக்கு நடக்கும், அது உமக்குத் தெரியும். உமது அக்கா ஒரு தொட்டித் தண்ணியோடு காரியத்தை முடித்துவிட்டா. அதோடு விட்டாவா? "பட்டிக்கு வேலி இல்லாட்டில் களவு போகும், அண்ணை. பேந்து என்னைக் கேக்கக்கூடாது" என்றா. அதுவும் நியாயம் என்று, என் பனையோலையை வெட்டி, என் ஆட்களை வைத்து, வயலைச் சுற்றி இறுக்கமான வேலி ஒன்று நானே அடைத்துக் கொடுத்தேன். இடத்துக்கு இடம் பட்டியை மாற்றிக் கட்டி, வயல் முழுக்க எருவாக்கிவிட்டா.

போன கிழமை சித்திரை மழை விழுந்தது. விழுந்த கையோடு, "அண்ணை, இனி மாடுகள் வெளியிலை நிண்டு தண்ணி குடிக்கட்டும்" என்று சொல்லி, உழுது, மறுபடி பயறு போட்டிருக்கிறா. நான் மாடுகளை உள்ளே வைக்க அடைத்த வேலி இப்போது அவற்றை வெளியே வைத்திருக்கிறது. இதை நான் வீட்டுக்காரிக்குச் சொல்ல, அவ சிரித்த சிரிப்பு இன்னும் நின்றபாடில்லை.

அது நிற்க. முதல் விதைப்பு அழிந்துவிட்டது. நீர் கொடுத்த தவணையும் அதோடு முடிந்தது என்று நான் கொள்ளலாமா? குத்தகைக்கு எடுப்பதில் என் சொல் மாறவில்லை. இப்போது எரு போட்ட வயல், ஆசை கூடத்தான் செய்கிறது.

மறுமொழி எழுதவும்.

இப்படிக்கு,
க. ஆழ்வாப்பிள்ளை


மேற்கு ஜேர்மனி
06.05.1986

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை முதலில் என் சுகத்தைப்பற்றித்தான் எழுத வேண்டும், நீங்கள் ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். ருஷ்யாவில் ஒரு அணு மின்சார நிலையம் வெடித்து, அந்தக் காற்று இங்கேயும் வந்துவிட்டதாம். எனக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு புதினம், அக்கா. போன கிழமை நல்ல மழை. நான் வழக்கம்போல வெளியே போய் நின்றேன். விடுதிக்காரி ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டா. நனையக்கூடாதாம், மழையில் நஞ்சு இருக்கிறதாம். பின்வீட்டுக் கமக்காரன் அப்போதுதான் மாடுகளை வெளியே விட்டிருந்தான். குளிர் முழுக்க அடைபட்டுக் கிடந்த மாடுகள், அக்கா, வெளியே வந்த அன்று கன்றுகளைப்போலத் துள்ளின. இப்போது திரும்பவும் கொட்டிலுக்குள். வெளியே முழங்காலளவு பச்சைப் புல் நிற்கிறது, தின்ன விடக்கூடாதாம். அதுகள் இரவு பகலாகக் கத்துகின்றன. அவன் தன் கீரைப் பாத்தியை எல்லாம் உழவு யந்திரத்தால் மண்ணுக்குள் தாட்டதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மழைக்குப் பயப்படுகிற கமக்காரனை நான் இங்கேதான் கண்டேன்.

உங்கள் கடிதம் இரண்டும் வந்தன. முதலாவதில் ஒரு பக்கம் முழுக்க மழை. இரண்டாவதில் நாலு வரி. பயறு நிற்கிற வயலில் எப்படிப் பட்டி கட்டுவது அக்கா? எனக்குக் கமம் மறந்துவிட்டதா, நீங்கள் ஏதும் சொல்லாமல் விட்டீர்களா?

உடனே எழுதுங்கள்.

தில்லை


மேற்கு ஜேர்மனி
15.05.1986

அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம்தான் என்று ஆழ்வாப்பிள்ளையரின் கடிதத்திலிருந்து தெரிகிறது.

எல்லாம் எழுதியிருக்கிறார். முளைத்தது என்று எனக்கு எழுதினீர்கள், முளைத்ததை மாடு தின்றதை எழுதவில்லை. சொந்தத் தம்பிக்கு ஊரான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? வேண்டாம் என்று நான் சொன்ன இரண்டையும் செய்தீர்கள், நான் சொன்னபடியே நடந்தது.

இரண்டாம் விதைப்புக்கு இனிமேல் மழை இல்லை. சோளகக் காற்று தொடங்கினால் எல்லாவற்றையும் வாட்டிவிடும். போதும் அக்கா. அவருக்கு 'ஓம்' என்று எழுதப் போகிறேன். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பார்த்துவிட்டு எழுதுவேன், அந்த மட்டும்தான்.

தில்லைநாதன்


அனலைதீவு
03.06.1986

என் கோபக்காரத் தம்பிக்கு,

முழுப் பேர் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், நல்ல கோபம்தான். கோபிக்கிற அளவுக்கு உடம்பில் பலம் இருக்கிறதென்று சந்தோஷப்பட்டேன். அந்த மழையில் எவ்வளவு நேரம் நின்றாய்? தலை நனைந்ததா? காய்ச்சல் ஏதும் வந்ததா? இதற்கு முதலில் மறுமொழி எழுது, வயல் பிறகு.

நீ என்னிடம் விளைச்சல் கேட்டாயா, எத்தனையாம் விதைப்பின் விளைச்சல் என்று கேட்டாயா? ஆனி முடியுமட்டும் தவணை தந்தாய். ஆனி இன்னும் பிறக்கவே இல்லை. தந்த தவணையை நடுவில் பறிக்கிறது எந்த ஊர் நியாயம்? ஐயாவின் பிள்ளை அப்படிச் செய்யாது.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். எழுதியிருந்தால் நீ அங்கே என்ன செய்திருப்பாய்? கட்டிலில் குந்தியிருந்து மூளையைப் போட்டுக் குடைந்திருப்பாய். நான் இங்கே அதற்குள் காரியத்தைப் பார்த்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை ஆழ்வாப்பிள்ளையர் உனக்கு எழுதியிருக்க மாட்டார், அவருக்குத் தெரியாது. அன்று விடிய வயலைப் பார்த்துவிட்டு வரம்பில் இருந்து அழுதேன், தில்லை. அம்மா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. வயல் போச்சு, நானும் போனேன் என்று அழுதேன். மனிதர் வருகிற சத்தம் கேட்டது. அழுத முகத்தோடு நின்று அவரோடு சண்டை பிடிக்க ஏலாதென்று, ஓடிப்போய் ஒரு வாளி தண்ணி அள்ளி முகத்தைக் கழுவினேன். கழுவிவிட்டு நிமிர்ந்தால், அவருடைய மாடெல்லாம் என் வயலை விட்டுவிட்டு என் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அப்போதுதான் புத்தி வந்தது.

சோளகம் தொடங்கிவிட்டது, நீ சொன்னது சரி. வெயிலும் காற்றுமாக வாட்டுகிறது. ஆனால் எரு போட்ட மண் சும்மா கிடந்த மண்ணைப்போல இல்லை, ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வேலி காற்றையும் தடுக்கிறது. பயறு பூத்து, பிஞ்சும் பிடித்துவிட்டது. ஏரம்பு அண்ணை ஒவ்வொரு நாளும் வந்து பார்த்துவிட்டு, நாவூறு படும் என்று ஒன்றும் சொல்லாமல் போகிறார்.

ஆழ்வாப்பிள்ளையருக்கு ஓம் என்று எழுதுவதானால் எழுது. ஆனால் ஆனி முடிந்தபிறகு எழுது. அதற்கு முதல் எழுதினால் நான் உன் அக்கா இல்லை.

நஞ்சு மழையில் விளைந்த மரக்கறி தின்னாதே. சோறும் பருப்பும் போதும்.

அக்கா,
சத்தியபாமா


மேற்கு ஜேர்மனி
26.06.1986

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் வரவில்லை. தலை நனைந்ததுதான், ஒன்றும் ஆகவில்லை. இப்போது மாடுகளையும் வெளியே விட்டுவிட்டார்கள். உங்கள் உடம்பை நீங்கள் பாருங்கள்.

வரம்பில் இருந்து அழுதேன் என்று எழுதியதை நான் பல முறை வாசித்துவிட்டேன். பெரிய மனிதனைப்போல இங்கே இருந்து சட்டம் போட்டதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆழ்வாப்பிள்ளையரும் திரும்ப எழுதியிருக்கிறார். "பிஞ்சைப் பார்க்க எனக்கே எரிச்சல் வருது, தம்பி. குத்தகைக் கதையை நான் விடுகிறேன். கிணற்றுத் தண்ணியை மட்டும் நிறுத்த வேண்டாமென்று அக்காவுக்குச் சொல்லும்" என்கிறார். ஆகவே அது முடிந்தது.

நான் அதற்கு மேலும் ஒன்று செய்ய நினைக்கிறேன். வயலை முழுக்க உங்கள் பேருக்கு எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு பரப்பும் கிணறும். உறுதி முடிக்கச் சொல்லி ஊர்காவற்றுறை நொத்தாரிசுக்கு எழுதியிருக்கிறேன். இங்கேயும் ஒரு நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பினால் போதுமாம். இனி ஒருத்தரும் உங்களை வயலை விட்டு இறங்கச் சொல்ல ஏலாது, நானும் சொல்ல ஏலாது.

இங்கே பாஷை படிக்க ஒரு வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். வருகிற குளிருக்கு ஒரு நல்ல பனிக்கோட்டும் எடுத்துவிட்டேன், கோடையில் எடுத்தால் மலிவு. வேறு புதினம் இல்லை.

பயறு எப்படி வந்ததென்று எழுதுங்கள்.

தம்பி,
தில்லை


அனலைதீவு
15.07.1986

என் அன்புத் தம்பி தில்லைக்கு,

நான் சுகம். பயறும் சுகம், வீட்டுக்குள் இருக்கிறது. நடு அறையில் சாக்குகளை அடுக்கிவிட்டு, இரவில் எழும்பிப் போகிறபோது அதில் தட்டுப்பட்டு விழுந்தேன். விழுந்தும் சிரித்தேன். ஆழ்வாப்பிள்ளையருக்கு ஒரு சுளகு நிறையக் கொடுத்து அனுப்பினேன். "என்ரை மாடு திண்டதுக்கு இதையும் கூட்டிக் கணக்கு வை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏரம்பு அண்ணை இப்போதுதான் வாய் திறந்து, "நல்ல விளைச்சல், பிள்ளை" என்றார்.

உன் கடிதம் அறுவடை முடிந்த அன்று வந்தது. வயலை என் பேருக்கு எழுதுகிறாய் என்று வாசித்தவுடன் எனக்குத் தலைகால் தெரியவில்லை. கமலாதேவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன், சிவலைக்கும் சொன்னேன், சாமி படத்துக்கு முன்னாலும் வைத்தேன். பிறகு அடுப்பு மூட்டிச் சோறு போட்டுக்கொண்டு நிற்கிறபோதுதான் விளங்கியது. ஊருக்கு வருகிற எண்ணம் உள்ளவன் வயலை முழுக்க எழுதிக் கொடுக்க மாட்டான். வருகிற குளிருக்குக் கோட்டும் எடுக்க மாட்டான். நீ எனக்கு வயலைத் தந்து எழுதவில்லை, தில்லை. வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படிச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை.

சோறு அடிப்பிடித்துவிட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. கடலில் நேவியும் கரையில் பயமுமாக இருக்கிற இந்த ஊருக்கு உன்னை வா என்று கூப்பிட எனக்கும் துணிவில்லை. இருக்க விட்டால் இரு, படி, நல்லாயிரு. உன்னை நான் தூக்கி வளர்த்தது நீ எங்கேயோ நல்லாயிருக்கத்தான். ஆனால் நீ இல்லாத இந்த ஊர் எனக்குப் பழக்கமாகாது. அதையும் நான் சொல்லாமல் விட மாட்டேன்.

வயலை வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம், எனக்கு ஏன் என்றெல்லாம் நடிக்க மாட்டேன். அதற்கு நான் பாடுபட்டேன், அது எனக்கு வேண்டும். ஆனால் பன்னிரண்டு பரப்பு வேண்டாம், பதினொன்று எழுது. நொத்தாரிசுக்கு நானும் சொல்லிவிட்டேன். தெற்கு மூலையில், றோட்டோரமாகப் போகிற வருகிற சனத்தின் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு பரப்பு உன் பேரிலேயே கிடக்கட்டும்.

அதில் நான் கலப்பை இறக்க மாட்டேன். ஒரு பிடி பயறும் விசுக்க மாட்டேன். புல்லு முளைக்கட்டும், எருக்கலை முளைக்கட்டும். மற்றப் பதினொரு பரப்பும் பச்சையாக நிற்க, அது மட்டும் காடாகக் கிடக்கும். பார்க்கிற சனம், "உது ஆற்றை துண்டு, உப்பிடிக் கிடக்குது?" என்று கேட்கும். "என்ரை தம்பி தில்லைநாதன்ரை" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுவேன். உனக்கு வெட்கமாக இருந்தால், எத்தனை வருஷம் போனாலும் சரி, நீயே வந்து விதை.

அக்கா,
சத்தியபாமா